மல்லசமுத்திரத்துக்கு ஓர் எட்டு மணி ரயில்

ஜப்பானின் முதல் ரயில் 1872 அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்குப் போனது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1862இல், மதராஸ் ரயில்வே கம்பெனியின் தென்மேற்குப் பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு என்று நம் சமவெளியைக் குறுக்காகக் கடந்து மலபார் கரையின் பேப்பூரை எட்டியிருந்தது. டோக்கியோக்காரர்கள் ரயிலின் ஊதலைக் கேட்பதற்கு முன்பே மகுடஞ்சாவடிக் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டோக்கியோவின் மேற்குப் புறநகரான குனிதாச்சியில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வந்து நின்று போகிறது. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், அலுவலகக்காரர்கள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைகிறார்கள். மகுடஞ்சாவடியில் அதே நேரத்தில் கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போகிறது. அங்கே நின்று போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்டவாளம் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, நடைமேடை இருக்கிறது. ஊர்க்காரர் ஏறுவதற்கு வண்டி இல்லை.

ஜப்பானிடமிருந்து நாம் வாங்க விரும்புவது எப்போதும் புல்லட் ரயிலைத்தான். மும்பை – அகமதாபாத் அதிவேகப் பாதைக்கு 2017 செப்டம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் அதற்குக் கடன் தருகிறது. ஜப்பானின் உண்மையான ரயில் சாதனை அதுவல்ல என்பது என் உறுதியான எண்ணம். புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது 1964இல். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பிருந்தே அந்த நாட்டைக் கட்டியெழுப்பியது புறநகர் ஸ்டேஷன். மல்லசமுத்திரம் போன்ற ஊர்களுக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் அது அங்கேதான் இருக்கிறது.

மல்லசமுத்திரத்தின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்தால் மனம் கனக்கும். வடமேற்கே சேலம் – ஈரோடு இருவழிப் பாதை: வீரபாண்டி ரோடு, மகுடஞ்சாவடி, மாவெலிபாளையம், சங்ககிரி, ஆனங்கூர். கிழக்கே சேலம் – கரூர் பாதை: மல்லூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஊர். திருச்செங்கோடும் அப்படியே. மலைமேல் அர்த்தநாரீசுவரர், அடிவாரத்தில் நாடு முழுக்கப் போர் போடப் போகும் ரிக் வண்டிகள் என்று இத்தனை பெயர் பெற்ற அந்த ஊரில் ரயில் ஏற வேண்டுமென்றால் ஆனங்கூருக்கோ சங்ககிரிக்கோ ஈரோட்டுக்கோதான் போக வேண்டும்.

ஆனால் இந்தச் சமவெளியைப் போல் தினமும் இடம்பெயரும் சமவெளி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பருத்தி ஏலத்துக்கு மல்லசமுத்திரம் வருகிறவர்கள், தறிக்குப் பாவும் நூலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், சேகோ ஆலைக்குப் போகும் கூலியாட்கள், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் சீட்டு வாங்க விடியற்காலையில் கிளம்பும் நோயாளிகள், ஆட்டையாம்பட்டி முறுக்கைக் கூடையோடு பஸ் ஏற்றுகிறவர்கள். இவர்கள் எல்லோரையும் மிஞ்சிய கூட்டம் மாணவர்கள். மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த பள்ளிகளும் பொறியியல், கலை, நர்சிங் கல்லூரிகளும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து இழுக்கின்றன.

அந்தப் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? மஞ்சள் பஸ்ஸில். காலை ஆறரைக்குக் காளிப்பட்டியிலிருந்தோ வையப்பமலையிலிருந்தோ பிரதான சாலையைப் பார்த்து நின்றால், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் காலேஜ் பஸ்களின் வரிசை முடியவே முடியாது. ஒவ்வொரு நிர்வாகமும் தனித்தனியே வண்டி வாங்கி, தனித்தனியே டிரைவர் வைத்து, ஒரே சாலையில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. கட்டணத்தோடு பஸ் கட்டணமும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சேர்ந்து பெற்றோர் தலையில் விழுகிறது. அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்து, இரவு ஏழரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறது. படிப்பதற்கு எங்கே நேரம்? இதை நாம் பழகிக்கொண்டுவிட்டோம். பழகிக்கொண்டிருக்கக் கூடாது.

குனிதாச்சிக்குத் திரும்புவோம். அதன் கதை நம் வட்டாரத்துக்கே எழுதியதுபோல் இருக்கிறது. ஷிஞ்சுகுவிலிருந்து தச்சிகாவா வரை 1889 முதலே ரயில் ஓடியது. வழியில் கொகுபுஞ்சி என்றொரு நிலையம், அடுத்து தச்சிகாவா. இரண்டுக்கும் நடுவில் மரங்கள் அடர்ந்த மேட்டுக்காடு. நின்று போக அங்கே நிலையம் கிடையாது. 1923இல் கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவை உருக்குலைத்தது. நகருக்குள் இருந்த வணிகப் பல்கலைக்கழகம் (இன்றைய ஹிதோத்சுபாஷி) இடிந்துபோய் வேறு இடம் தேடியது. ஹகோனே தோச்சி என்ற நிலவிற்பனைக் கம்பெனி அந்த மேட்டுக்காட்டை வாங்கி, பல்கலைக்கழகத்தை அங்கே வரவழைத்து, நடுவில் அகலமான நேர்ச்சாலை போட்டு, மனை பிரித்தது. அதோடு நிற்காமல் தன் செலவிலேயே சிவப்புக் கூரை வைத்த ஒரு ரயில் நிலையத்தைக் கட்டி அரசு ரயில்வேக்குக் கொடுத்தது. 1926 ஏப்ரலில் அங்கே வண்டி நின்றது.

ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் நடுவில் ஊர் கேட்டு, கேட்டவரே செலவு செய்து கட்டும் நிலையங்கள் ஜப்பானில் ஏராளம். ரயில்வே மட்டுமே கொடுக்க வேண்டும், ஊர் மனு மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே இல்லை. குனிதாச்சியில் பாதையை மேம்பாலத்துக்கு உயர்த்தும் வேலைக்காக அந்தச் சிவப்புக் கூரைக் கட்டடத்தை 2006இல் பிரித்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. பிரித்த மரங்களைப் பத்திரப்படுத்தி, 2020இல் அதே இடத்தருகே அதை மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். ஒரு ஸ்டேஷனை ஊர் தன் சொத்தாக நினைத்தால்தான் இது நடக்கும்.

இதற்கும் முன்னோடி ஒசாகா பக்கத்தில் இருந்தார். கொபயாஷி இச்சிசோ. அவர் நடத்திய சிறிய மின்ரயில் கம்பெனி, இன்றைய ஹான்க்யூ, 1910 மார்ச்சில் ஓடத் தொடங்கியபோது பாதை நெடுகப் பெரிய ஊர் எதுவும் இல்லை. ஆள் இல்லாத காட்டுக்கு யார் ரயில் ஏறுவார்கள் என்று கேலி பேசினார்கள். அவர் பாதையோரத்தில் நிலம் வாங்கி, இகேதாவில் வீடு கட்டி, மாதத் தவணையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றார். பாதையின் ஒரு முனையில் தகராசுகா வெந்நீர்க் குளியலும், 1914 முதல் பெண்களே நடிக்கும் நாடகக் குழுவும். மறுமுனையான உமேதாவில் 1929இல் ஸ்டேஷனோடு ஒட்டிய பல்பொருள் அங்காடி. காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், விடுமுறையில் பொழுதுபோக்கப் போகும் கூட்டம் மறுபக்கம் என்று வண்டி இரண்டு திசையிலும் நிறைந்து ஓடியது. ரயிலால் ஏறிய நிலத்தின் விலையிலிருந்தே ரயிலுக்கான பணம் திரும்பி வந்தது. டோக்கியோவின் தோக்யூ கம்பெனி உட்பட மற்ற தனியார் ரயில்வேக்கள் பின்னால் எடுத்துக்கொண்டதும் இதே வழியைத்தான்.

நம் ஊரிலும் ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறத்தான் செய்கிறது. ‘ரயில் நிலையத்துக்கு மிக அருகில்’ என்று பிளக்ஸ் வைத்து மனை விற்கிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொதுப் பணத்தில் போட்ட பாதையால் ஏறிய அந்த விலையில் ஒரு ரூபாய்கூட ஸ்டேஷனுக்கு வருவதில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் சாலைக்குத் தெருவிளக்குப் போடக்கூட வருவதில்லை. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பொதுத் தேவைக்கும் விட்டுக்கொடுத்து, மீதியை ஒழுங்கான மனையாகத் திரும்பப் பெறுவது பல்லாண்டு வழக்கம். ஜப்பானியப் புறநகர்களில் பல எழுந்ததும் இப்படித்தான். ராசிபுரம் நிலையத்தைச் சுற்றி இதைச் செய்ய நமக்கு என்ன தடை?

ஜப்பானிய ஸ்டேஷனில் கட்டடத்தைவிட முக்கியமானது அதன் வாசல். வாசலுக்கு எதிரே பஸ்கள் சுற்றி வந்து நிற்கும் வட்டம், அதன் ஓரத்தில் சிறிய போலீஸ் சாவடி, பக்கத்தில் கடைத்தெரு, சைக்கிள் நிறுத்தம். வண்டி விட்டு இறங்கிய கூட்டம் வெளியே வரும்போது பஸ் காத்திருக்கும். சைக்கிள் விஷயத்தில் அவர்களும் ஒரு காலத்தில் திணறினார்கள். ஸ்டேஷன் வாசலெல்லாம் சைக்கிள் குவிந்து நடக்கவே வழியில்லாமல் போனபோது 1980இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று டோக்கியோவின் கசாய் நிலையத்தில் நிலத்துக்கு அடியில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களுக்கு இடம் இருக்கிறது; அவற்றில் பெரும்பகுதியை இயந்திரமே வாங்கி அடுக்கி வைக்கிறது. நமக்கு அந்த இயந்திரம் வேண்டாம். நம் அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அதைப் பூட்டி வைக்க ஸ்டேஷனில் ஒரு கூரையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போதும்.

பயணச் செலவிலும் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேலைக்குப் போகிறவரின் சீசன் டிக்கெட் செலவைப் பெரும்பாலும் முதலாளியே கொடுக்கிறார். மாதம் 1,50,000 யென் வரை அந்தப் படிக்கு வருமான வரி கிடையாது. ரயிலும் பஸ்ஸும் கடையும் ஒரே அட்டையில். டோக்கியோவில் சுய்கா அட்டை 2001இல் வந்தது. 2013இலிருந்து முக்கியமான பிராந்திய அட்டைகள் நாடு முழுவதும் ஒன்றுக்கொன்று செல்லும்.

நம் நடைமேடையில் ஓரமாகப் பதித்திருக்கும் புடைப்புகள் கொண்ட மஞ்சள் ஓடுகளை மிதித்திருப்பீர்கள். பார்வையற்றவர்களுக்கான அந்த ஓட்டைக் கண்டுபிடித்தவர் மியாகே செய்இச்சி என்ற ஜப்பானியர். 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள். அது உலகெங்கும் பரவி நம் சேலம் வரைக்கும் வந்துவிட்டது. ஓடு வந்தது, அந்த ஓட்டை மிதிக்க ஆளைக் கொண்டுவரும் ஏற்பாடு மட்டும் வரவில்லை.

ஜப்பானைச் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காலை நெரிசலில் ஆளை உள்ளே தள்ளுவதற்கே ஊழியர் வைத்திருந்த நாடு அது. பெண்களுக்கு நேர்ந்த தொல்லைகளால் தனிப் பெட்டி விட வேண்டிவந்தது. ஹொக்கைடோவில் ஒரே ஒரு மாணவிக்காக ரயில் நிலையத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற வாட்ஸ்அப் கதை 2016இல் எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. கேட்க இனிமையாக இருக்கும். உண்மையில் அந்தச் சிறு நிலையம் பயணிகள் குறைந்துபோனதால் அவ்வாண்டு மார்ச்சில், வழக்கமான கால அட்டவணை மாற்றத்தோடு மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹொக்கைடோ ரயில்வே, தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியைத் தனியாகத் தாங்க முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆள் இல்லாத இடத்தில் ஜப்பானாலும் ரயில் ஓட்ட முடியவில்லை. நம் சமவெளியிலோ ஆள் இருந்தும் ரயில் ஓடவில்லை. இதில் எது பெரிய குறை என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘அது ஜப்பான், இங்கே நடக்காது’ என்று யாராவது சொன்னால் அவரை மாம்பலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வே 1931இலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் விட்டது. கொபயாஷி உமேதாவில் அங்காடி திறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அந்த மின்சார ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள். ஏரியைத் தூர்த்து 1920களில் அமைத்த தியாகராய நகர், பக்கத்தில் மாம்பலம் நிலையம் இல்லாவிட்டால் இத்தனை பெரிய கடைவீதி ஆகியிருக்காது. ஸ்டேஷன் வாசலிலேயே தொடங்கும் ரங்கநாதன் தெருவைவிட நெரிசலான ஸ்டேஷன் கடைத்தெரு ஜப்பானிலும் இருக்குமா என்பது சந்தேகம். தலைமுறைகளை வேலைக்கும் படிப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த மீட்டர்கேஜ் வண்டி 2004இல்தான் ஓய்ந்தது. அகலப்பாதையில் அதன் வேலை தொடர்கிறது. தமிழனுக்குப் புறநகர் ரயில் புதிதில்லை. அது சென்னையைத் தாண்டி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

சென்னையிலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை. கோட்டை போன்ற கட்டடங்கள், வெறிச்சோடிய மாடிகள், இருட்டான படிக்கட்டுகள், வாசலில் பஸ் கிடையாது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் இணைப்பு, 2008இல் தொடங்கியது, நில வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கான்கிரீட்டை எவ்வளவு கொட்டினாலும், நடந்து வருகிறவருக்கும் பஸ்ஸில் வருகிறவருக்கும் வழியில்லாவிட்டால் ஸ்டேஷன் செத்துப்போகும். இப்போது அம்ருத் பாரத் திட்டத்தில் நாமக்கல் உட்பட நம் வட்டார நிலையங்களுக்குப் புது முகப்பும் வளைவும் வாகன நிறுத்தமும் கட்டுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வண்டிகூடக் கூடுதலாக இல்லையே என்பது என் வருத்தம்.

சேலம் – கரூர் பாதை நமக்கு எளிதாகக் கிடைத்ததல்ல. 1996–97இல் ஒப்புதல் பெற்று, 2013 மே 25 அன்றுதான் வண்டி ஓடியது. சுமார் 85 கிலோமீட்டருக்குப் பதினாறு ஆண்டுகள். மாவட்டமாகி அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்த நாமக்கல் அன்றுதான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தது. மக்கள் தண்டவாள ஓரமெல்லாம் நின்று கையசைத்தார்கள். இப்போது அதே பாதையில் தொலைதூர எக்ஸ்பிரஸ்கள் வருகின்றன, போகின்றன. சேலத்துக்கு வேலைக்குப் போகும் ராசிபுரத்துக்காரருக்கும் நாமக்கல்லுக்குப் படிக்கப் போகும் மல்லூர்ப் பிள்ளைக்கும் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை அரைமணிக்கு ஒரு வண்டி என்று எதுவும் இல்லை. கரோனாவில் நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளை மறுபடி விட்டபோது எக்ஸ்பிரஸ் கட்டணம் வைத்தார்கள். பத்து ரூபாய் டிக்கெட் முப்பதானது. அதை மறுபடியும் பத்துக்குக் கொண்டுவரவே 2024 பிப்ரவரி ஆனது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் ரயிலை மறந்து டூவீலர் வாங்கியிருப்பார்கள்!

‘ஸ்டேஷன்ல இறங்கி ஊருக்கு வர்றதுக்குள்ள பஸ்லயே போய்ச் சேந்தர்லாமுங்க’ என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. நியாயமான பேச்சு. மல்லசமுத்திரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போகிறவருக்கு நேர் பஸ்ஸே நல்லது. அவரை மகுடஞ்சாவடிக்குச் சுற்றவிட்டு ரயில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈரோடு, திருப்பூர், கோவை போகிறவரின் கணக்கு வேறு. அந்தத் திசையிலிருந்து மல்லசமுத்திரத்துக்குப் படிக்க வருகிற பிள்ளையின் கணக்கும் வேறு. இளம்பிள்ளையில் சேலை வாங்க வருகிற வெளியூர் வியாபாரியின் கணக்கும் வேறு. இவர்களுக்கெல்லாம் மகுடஞ்சாவடியும் சங்ககிரியும் ராசிபுரமும் வாசல் ஆகலாம். வாசலிலிருந்து ஊர் வரை பஸ் வேண்டும், அந்தப் பஸ் ரயிலின் நேரத்துக்கு நிற்க வேண்டும். ஜப்பானியப் புறநகர்களிலும் எல்லோர் வீடும் ஸ்டேஷனை ஒட்டி இல்லை. பலருக்கு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு பஸ் பயணம் உண்டு. காத்திருக்கும் பஸ் என்பதால் அது பாரமாகத் தெரிவதில்லை.

இங்கே சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், ரயில் மத்திய அரசுடையது, பஸ் மாநில அரசுடையது, ஸ்டேஷன் சாலை பஞ்சாயத்துடையது. ரயில்வேயின் சேலம் கோட்டம் 2007 நவம்பரில் உருவானது. பஸ்ஸை ஓட்டும் கழகத்தின் சேலம் கோட்டத்துக்கும் அதே நகரில்தான் அலுவலகம். ரயில் அட்டவணை மாறும்போது பஸ் நேரத்தை மாற்றிக்கொள்ள இருவரும் கூடிப் பேசும் நிரந்தர ஏற்பாடு எதுவும் கிடையாது. சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில் ஒரு மூலையில், புதிய பேருந்து நிலையம் வேறொரு மூலையில். சென்னைக்கு இதற்காகவே ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். 2010இல் போட்ட சட்டம் உயிர்பெற நீண்ட காலம் பிடித்தது. சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து அப்படியொரு அமைப்பைக் கேட்க வேண்டிய நேரம் இது.

பாதையில் இடமில்லை என்று ரயில்வே சொல்லும். சேலம் – ஈரோடு தடத்தில் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவது உண்மை. ஆனால் குனிதாச்சி இருக்கும் பகுதியும் இருவழிப் பாதைதான். மிதாகா வரைதான் 1969இல் நான்கு வழியாக்கினார்கள். அதற்கு மேற்கே இன்றும் இரண்டே தடங்கள். அங்கே நம்மைப் போல் கூட்ஸ் நெரிசல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சிக்னலை நெருக்கமாக வைத்து, வேகவண்டி முந்திச் செல்லச் சில நிலையங்களில் பக்கத்தடம் போட்டால், காலையில் இரண்டு மணி நேரம் மாலையில் இரண்டு மணி நேரம் உள்ளூர் வண்டிக்கு வழி பிறக்கும். இந்தத் தடத்தில் மூன்றாவது, நான்காவது பாதை பற்றிய பேச்சும் எழுந்திருக்கிறது. அது வரும்போது நம் எம்.பி.க்கள் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி, அதில் உள்ளூர் வண்டிக்கு எத்தனை இடம் என்பதுதான். கரூர் பாதை ஒருவழி; மின்மயம் ஆகிவிட்டது. பெரம்பூரில் செய்கிற மெமு என்ற உள்ளூர் மின்சார வண்டி சட்டென்று வேகம் பிடித்துச் சட்டென்று நிற்கக் கூடியது. கிராசிங் நிலையங்களைச் சரியாகப் பயன்படுத்தினாலே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இரண்டு மெமு வண்டிகளைக் காலை முழுக்க மாற்றி மாற்றி ஓட்டலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வேயில் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையும், ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். தமிழ்நாட்டிலோ 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாவெலிபாளையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு காட்டுவளவில் இருக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண், டவுன் பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு வந்து, மெமுவில் ஏறி, இறங்கிய ஊரில் இன்னொரு டவுன் பஸ் பிடித்துக் கல்லூரி வாசலில் ஒரு பைசா செலவில்லாமல் இறங்கலாம். மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்குப் பாதி வழியைத் திறந்தே வைத்திருக்கின்றன. நடுவில் எட்டு மணிக்கு ஒரு வண்டி இல்லாததால் அவள் அப்பா ஆண்டுதோறும் மஞ்சள் பஸ்ஸுக்குக் கடன் வாங்குகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த மஞ்சள் பஸ்களை ஓட்டுகிற நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. குனிதாச்சியில் நிலக் கம்பெனி ஸ்டேஷன் கட்டிக் கொடுத்ததுபோல் இவர்கள் புது ஸ்டேஷன் கட்ட வேண்டியதில்லை. இருக்கிற நிலையத்தில் ஒரு நடைமேடைக் கூரை, குடிநீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, இரவு ஒன்பது மணி வரை ஒரு காவலாளி. ஐந்தாறு கல்லூரிகளும் ஒன்றிரண்டு ஆலைகளும் சேர்ந்தால் அது பெரிய தொகையே அல்ல. அறுபது கிலோமீட்டர் ஓடுகிற பஸ்கள் ஸ்டேஷனிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால், மிச்சமாகும் டீசலிலேயே அதை எடுத்துவிடலாம். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லையென்று ரயில்வே சொன்னால், ஹால்ட் நிலையங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் முறை ஏற்கெனவே இருக்கிறது. உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் அதைக் கொடுக்கலாம்.

முதல் வேலைக்குப் பணமே வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தப் பிள்ளை எந்த ஊரில், எத்தனை மணிக்கு ஏறுகிறது என்ற பஸ் பட்டியல் இருக்கிறது. நாமக்கல், சேலம், ஈரோடு ஆட்சியர்கள் அவற்றைக் கேட்டு வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு, ஊர்களை மட்டும் தண்டவாள வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஏறத் தயாராக இருக்கிறார்கள் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு மூன்று மாவட்ட எம்.பி.க்களும் சேலம் கோட்ட மேலாளரைச் சந்தித்து, அடுத்த கால அட்டவணையில் சேலம் – ஈரோட்டுக்கு இரண்டு, சேலம் – நாமக்கல்லுக்கு இரண்டு என்று காலை மெமுக்களை ஆறு மாதச் சோதனையாகக் கேட்கட்டும். அதே நாளில் போக்குவரத்துக் கழகம் மல்லசமுத்திரத்திலிருந்து மகுடஞ்சாவடி ஸ்டேஷன் வாசலுக்கு, வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சேரும்படி ஒரு டவுன் பஸ் விடட்டும்.